ஹீத்ரோவிலிருந்து அம்மாவை அழைத்து வர ஒரே கார்டு போதுமா?

தம்பி, அடுத்த மாதம் உங்கள் அம்மா முதல்முறையாக லண்டன் வருகிறார், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட்ஹாம் வரை ரயிலில் அழைத்து வர உங்கள் பேங்க் கார்டையே இரண்டு பேருக்கும் கேட்டில் தட்டலாமா, இல்லை ஓய்ஸ்டர் (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. நீங்கள் தட்டி உள்ளே போனதுமே அந்தக் கார்டின் பெயரில் ஒரு பயணம் தொடங்கிவிடும். அது முடியாமல் அதே கார்டை அம்மாவுக்காக இன்னொரு தரம் வைத்தால் கேட் திறக்காது. உள்ளே நீங்கள், வெளியே பெட்டிகளோடு அம்மா என்று நிற்க வேண்டியதுதான். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. உங்கள் பேங்க் கார்டும், அதே கார்டை ஏற்றி வைத்திருக்கும் உங்கள் போனும் கேட்டில் கார்டை வைக்கும் அந்த மஞ்சள் வட்டத்துக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். பணம் ஒரே கணக்கிலிருந்து போகிறதே என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நான் பட்ட பாடு இது: ஒரு நாள் ஹீத்ரோவில் போனைத் தட்டி ஏறினேன். ஒரு மணி நேரப் பயணத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்ததில் இறங்கும்போது போன் செத்துவிட்டது. சரி, கார்டு இருக்கிறதே என்று அதைத் தட்டினேன். கேட்டில் ஏதோ வம்பு, ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார். மறுநாள் கணக்கைப் பார்த்தால், போன் உள்ளே போய் வெளியே வராத ஒரு பயணம், கார்டு எங்கிருந்தோ வந்து வெளியேறிய ஒரு பயணம், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லின் இணையதளத்தில் கார்டைப் பதிந்து வைத்திருந்ததால் கேட்டுத் திரும்ப வாங்கினேன். நீங்களும் இன்றே பதிந்து வையுங்கள். எதில் தட்டி ஏறினீர்களோ அதிலேயே தட்டி இறங்குங்கள். பர்ஸை அப்படியே வைக்கும் பழக்கமும் வேண்டாம், உள்ளே இருக்கும் இன்னொரு கார்டை அது பிடித்துக்கொள்ளும்.

அம்மா கையில் இருக்கும் இந்திய கார்டைத் தட்டலாமா என்றால், விசாவோ மாஸ்டர்கார்டோ ஆனால் பெரும்பாலும் வேலை செய்யும். ரூபே கார்டை நம்பி வர வேண்டாம். எந்தக் கார்டாக இருந்தாலும் கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் (கார்டைத் தட்டியே செலுத்தும் வசதி) இரண்டையும் திறந்துவிட வேண்டும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் இவை மூடியே வரும். இங்கே இறங்கிய பிறகு ஓடிபி வராத சிம்மை வைத்துக்கொண்டு அதைத் திறக்க முயல்வது பெரிய கொடுமை. அதுபோக, பல வங்கிகள் அன்னியச் செலாவணிக் கட்டணம் என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும்.

அதனால் வருகிற விருந்தாளிக்கு ஓய்ஸ்டர்தான் என் கட்சி. நான் 2009-ல் வந்தபோது பேங்க் கார்டைத் தட்டும் வழியே இல்லை, ட்யூபில் (லண்டன் சுரங்க ரயிலில்) அந்த வசதி 2014 செப்டம்பரில்தான் வந்தது. இப்போது வயது வந்தவர்களுக்கு ஓய்ஸ்டரிலும் கான்டாக்ட்லெஸ்ஸிலும் ஹீத்ரோ கட்டணம் ஒன்றுதான், ஓய்ஸ்டரால் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்டுக்குக் கொடுக்கும் காசு திரும்பி வராது. ஆனால் உள்ளே ஏற்றிய பணம் காலாவதியாகாது. என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டு மூன்று ஓய்ஸ்டர் கிடக்கிறது. மாமியார், நண்பர்கள் என்று எத்தனையோ பேர் கைமாறிவிட்டது. நீங்களும் ஒன்று வாங்கி, பணம் ஏற்றி, விமான நிலையத்துக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். காசு போவதே இங்கேதான்.

ஹீத்ரோவிலிருந்து மூன்று ரயில்கள்: பிக்காடில்லி லைன், எலிசபெத் லைன், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ். மூன்றுக்கும் அதே கார்டுதான், அதே மஞ்சள் வட்டம்தான். 2025 மார்ச் கட்டணப்படி லண்டன் நடுப்பகுதியான 1-ஆம் மண்டலம் வரை பிக்காடில்லியில் 5.80 பவுண்டு, எலிசபெத்தில் 13.90 என்று இருந்தது. எக்ஸ்பிரஸில் 25 பவுண்டு அளவில் போனது. முன்பெல்லாம் எக்ஸ்பிரஸுக்குத் தனி டிக்கெட் வேண்டும், அதனால் யாரும் தெரியாமல் ஏறிவிட மாட்டார்கள். 2019-ல் அதிலும் கார்டு தட்டலாம் என்று வந்தது. எலிசபெத்தும் எக்ஸ்பிரஸும் ஒரே பிளாட்ஃபாரத்துக்கு வருகின்றன. தட்டும்போது விலை சொல்ல ஆள் இல்லை. தூக்கக் கலக்கத்தில் முதலில் வந்த வண்டியில் ஏறினால், எக்ஸ்பிரஸின் கடைசி நிறுத்தமான பேடிங்டனில் தட்டி வெளியேறும்போது போனது போனதுதான். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஒரு உச்சவரம்பு உண்டல்லவா, எக்ஸ்பிரஸ் அந்தக் கணக்கிலும் சேராது.

பதினைந்து நிமிடத்தில் பேடிங்டன் என்பது உண்மைதான். ஆனால் ஈஸ்ட்ஹாம் போகிற நமக்கு பேடிங்டனில் என்ன வேலை? அங்கிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு மறுபடி மாற வேண்டும்.

நான் சொல்வது பிக்காடில்லி. ஹீத்ரோவில் ஏறி ஹேமர்ஸ்மித்தில் இறங்குங்கள். எதிர்ப்பக்கம், அதே பிளாட்ஃபாரத்தில், டிஸ்ட்ரிக்ட் லைன் வரும். படி கிடையாது, லிஃப்ட் தேட வேண்டாம், நாலு எட்டு நடந்தால் போதும். அப்மின்ஸ்டர் (Upminster) அல்லது பார்க்கிங் (Barking) என்று பலகையில் போட்டிருக்கும் வண்டியாகப் பார்த்து ஏறினால் நேராக ஈஸ்ட்ஹாம். நேரம் கூடுதல்தான், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும், ஹீத்ரோவிலேயே காலி வண்டியில் ஏறுகிறீர்கள் அல்லவா. உடம்புக்கு முடியவில்லை, சீக்கிரம் வீடு போனால் போதும் என்றால் மட்டும் எலிசபெத் லைனில் ஒயிட்சேப்பல் வந்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாறுங்கள். அந்த 2025 கட்டணப்படி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினாறு பவுண்டு கூடுதலாக ஆகும், தாராளமாகக் கொடுக்கலாம்.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போனால் மலிவா என்று யோசிக்காதீர்கள். ஹீத்ரோவுக்கும் 1-ஆம் மண்டலத்துக்கும் இடையே ட்யூபில் எந்த நேரமும் அதே கட்டணம்தான்.

பின்னால் யாராவது வேறு விமான நிலையத்தில் இறங்கினால்: கேட்விக்கில் ஓய்ஸ்டர் செல்லும், ஆனால் அங்கேயும் கேட்விக் எக்ஸ்பிரஸ் பெயருக்கேற்ற விலைதான், சதர்ன் அல்லது தேம்ஸ்லிங்க் வண்டியில் வாருங்கள். லூட்டனில் பேங்க் கார்டு செல்லும், ஓய்ஸ்டர் செல்லாது. எனக்குத் தெரிந்த ஒருவர் லூட்டன் போக, லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனில் ஓய்ஸ்டரைத் தட்டி ஜம்மென்று ஏறிவிட்டார். ஏறுவதற்குக் கேட் திறந்துவிடும், லூட்டனில் இறங்குவதற்குத்தான் திறக்காது. ஸ்டான்ஸ்டெட்டுக்கும் ஓய்ஸ்டர் ஆகாது, அங்கே போக நான் எப்போதும் ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுவேன்.

அப்புறம் ஹீத்ரோவில் உள்ளே போகும்போது ஓரத்தில் இருக்கும் அகலமான கேட்டுக்குப் போங்கள். முதலில் அம்மா ஓய்ஸ்டரைத் தட்டி உள்ளே போகட்டும், பெட்டிகளோடு நீங்கள் பின்னால் போங்கள். நீங்கள் முந்திக்கொண்டு போனால், அவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் கார்டைக் கேட்டின் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் மாமியார் அப்படித்தான் நின்றார்.