சின்ன டிரெய்லருக்கு ஆனிங்: சுவர் துணியைப் பிடிக்கட்டும், சுமையைச் சுமக்க வேண்டாம்

கேள்வி: எங்களிடம் 1970களில் செய்த 13 அடி போலர் டிராவல் டிரெய்லர் இருக்கிறது. ஒன்டாரியோவில்தான் பெரும்பாலும் முகாம் போடுகிறோம். நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும். மழை வந்தால் நால்வரும் உள்ளே முடங்கிவிடுகிறோம். மாலையானால் நுளம்புத் தொல்லை. பெரிய வண்டிகளில் இருப்பதுபோலப் பக்கச் சுவரில் சுருட்டி விரிக்கும் ஆனிங் (நிழல் தரும் துணிப் பந்தல்) பொருத்தலாமா, தனிக் கூடாரம் வாங்குவது நல்லதா? சுவரில் துளை போட்டால் ஒழுகுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: மழைக்கு ஒன்று, நுளம்புக்கு வேறொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்கும் வெய்யிலுக்கும் கதவுக்கு மேலே ஒரு ரெயில் பொருத்தி, அதில் லேசான துணியைக் கோத்து இழுத்துக் கட்டுங்கள். நுளம்புக்குத் தரையில் தானே நிற்கும் வலைக் கூடாரம். சுருள் ஆனிங்கை உங்கள் வண்டியில் மாட்ட வேண்டாம்.

1968இல் வினிப்பெக்கில் பிறந்த போலருக்கு உள்ளே எலும்புக்கூடு கிடையாது. மேலோடு, கீழோடு என்று இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை இடுப்பில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் அலமாரிகளும் துணி அலமாரியும். பழைய வண்டியில் அலமாரியைக் கழற்றிவிட்டுக் கதவு சாத்த முடியாமல் போனவர்கள் நிறையப் பேர், கூரை இறங்கியதே அதற்குக் காரணம். பெட்டியோடு வரும் சுருள் ஆனிங் இந்த நீளத்தில் வகையைப் பொறுத்துப் பத்து முதல் இருபது கிலோ வரும். விரித்துவிட்டால் அந்தப் பாரத்தில் ஒரு பகுதி சுவரை விட்டு இரண்டு மீட்டர் வெளியே நின்று இழுக்கும். மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ உள்ள வண்டி அதைத் தாங்கும். சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள வளைந்த ஓட்டில் திருகைச் சுற்றி ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சு நட்சத்திரம்போல் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். ஆகவே எதையும் தொடங்குமுன் கதவைச் சாத்தி மேல் இடைவெளியைப் பாருங்கள். கதவு ஒரு மூலையில் உரசினால் கூரை ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஏழு அடி நீளமும் எட்டு அடி வெளிநீட்டமும் உள்ள துணி ஏறக்குறைய ஐந்து சதுர மீட்டர். மணிக்கு 30 கி.மீ. காற்று அதை நேராகத் தாக்கினால் விசை சுமார் 22 கிலோ. காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும், 60 கி.மீ.க்கு 87 கிலோ. இதை ரெயில் மட்டும் வாங்கினால் எதாவது ஒன்று பிய்ந்தே தீரும். கம்பங்களும் இழுகயிறுகளும்தான் இதில் பெரும்பங்கை வாங்க வேண்டும். துணியின் ஒரு விளிம்பைப் பிடித்து வைப்பதோடு ரெயிலின் வேலை முடிந்தது.

ரெயில் என்றால் ஓரத்தில் ஒரு பிளவு விட்ட அலுமினியக் குழல். துணி விளிம்பில் தைத்த 6 மி.மீ. கயிற்றை அதன் ஒரு முனையிலிருந்து நுழைத்து இழுத்தால் துணி முழு நீளத்துக்கும் பிடிபடும். வளைவுகளைத் தவிர்த்தால் உங்கள் வண்டியின் பக்கத்தில் நேரான நீளம் ஏழு, எட்டு அடிக்கு மேல் கிடைக்காது. நிறையப் பேர் சறுக்குவது இந்த வளைவில்தான். நேர் ரெயிலை வளைந்த சுவரில் அழுத்தி ஒட்டிவிட்டால், அது நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் வெய்யில் காலத்திலேயே முனைகள் கழன்றுவிடும். ரெயிலை முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, கையை எடுத்தாலும் சுவரோடு படுத்துக் கிடக்கும் அளவுக்கு முன்கூட்டியே வளைத்துக்கொள்ளுங்கள். பிளவு நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கயிற்றை விட்டு வளைக்க வேண்டும்.

உயரத்தை முடிவு செய்யக் கதவை முழுதாகத் திறந்து வைத்து, மாஸ்கிங் டேப்பால் கோடு போடுங்கள். துணி நடுவில் பதினைந்து சென்டிமீட்டர் தொய்ந்தாலும் கதவின் மேல்மூலை அதைக் கிழிக்கக் கூடாது. கூரை வளையத் தொடங்கும் இடம்வரை மேலே ஏற்றுங்கள், ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் உதவும். கோடு ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் சரிந்தால், கதவுக்கு மேலே வழியும் மழைநீரை ரெயிலே ஒதுக்கிவிடும். சரிவு கதவிலிருந்து விலகிப் போகட்டும்.

ஒட்டுவதற்கு 3எம் நிறுவனத்தின் வி.எச்.பி. 5952 போன்ற 1.1 மி.மீ. தடிப்புள்ள இருபக்கமும் ஒட்டும் நுரை டேப், அதோடு ரிவெட் (அடித்து இறுக்கும் உலோக ஆணி). ஏன் இரண்டும் என்றால், நிலையான ஒரு கிலோ சுமைக்குச் சுமார் 57 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. முக்கால் அங்குல டேப் 2.1 மீட்டருக்கு ஓடினால் 400 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏழு கிலோ. உங்கள் துணி ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது, ஆகவே தாராளம். இதே டேப்பில் இருபது கிலோ சுருள் பெட்டி நிற்காது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் டேப்பின் பலவீனம் உரிப்பு. காற்று முனையிலிருந்து உரிக்கத் தொடங்கினால் மிச்சமெல்லாம் தானே வந்துவிடும். முனைக்கு இரண்டு ரிவெட் அந்த உரிப்பைத் தடுக்கும், நடுவில் முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று.

சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் ஜெல்கோட் சுண்ணமாகிவிட்டது, டேப் அந்தப் பொடியோடுதான் ஒட்டும், சுவரோடு ஒட்டாது. முதலில் மெழுகு நீக்கும் திரவத்தால் துடையுங்கள். பிறகு 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஐசோபுரொப்பில் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துக் காயவிடுங்கள். வெளியே 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அன்று ஒட்ட வேண்டாம். ஏப்ரலில் அவசரப்படாமல் ஜூன் வரை பொறுங்கள். ஒட்டியதும் கை உருளையால் முழு நீளத்துக்கும் அழுத்துங்கள். முழுப் பலம் வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை துணியைக் கோக்காதீர்கள்.

துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ட்ரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டு ஜெல்கோட்டைக் கடந்த பிறகே முன்னோக்கித் திருப்புங்கள். துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் வெடிப்பு பரவாது. ரிவெட் 3/16 அங்குலம், தலை ரெயிலின் வெளித்தட்டில் உட்கார வேண்டும், குழலுக்குள் நீட்டினால் கயிறு மாட்டும். உள்சுவரில் என்சொலைட் என்ற காப்பு நுரை ஒட்டியிருந்தால் துளையைச் சுற்றி ஒரு நாணயம் அளவுக்கு அதை வெட்டியெடுங்கள். நுரைமேல் வாஷரை வைத்து ரிவெட் அடித்தால், நாள்போக்கில் நுரை அமுங்கி ரிவெட் தளர்ந்து ஒழுகும். ஃபைபர்கிளாஸோடு நேராக உட்காரும் அலுமினிய வாஷரோ, 3 மி.மீ. அலுமினியப் பட்டையோ வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் ரப்பர் பசை உருண்டை ஒன்று.

ஓரத்தைப் பூசப் பாலியூரிதேன் சீலன்ட். ரெயிலின் மேல்விளிம்பிலும் இரு முனைகளிலும் மட்டும் பூசி, கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற அதுதான் வழி. சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் எச்சத்தின்மேல் பிறகு வேறெதுவும் ஒட்டாது. 3எம் 5200 என்ற நிரந்தர ஒட்டுப்பசையும் வேண்டாம், ஒரு நாள் ரெயிலைக் கழற்ற நேர்ந்தால் ஜெல்கோட்டையும் சேர்த்துப் பெயர்க்கும்.

இனி துணி. விளிம்புக் கயிறு தைத்தே விற்கும் டார்ப் வாங்கலாம். கயிறு தைத்த பட்டையை மட்டும் வாங்கி, நல்ல டார்ப்பில் வெய்யில் தாங்கும் பாலியஸ்டர் நூலால் தைத்துக்கொள்வது இன்னும் மலிவு. துணி ரெயிலைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். நுழைக்கும் முனையில் ரெயிலின் வாயை அரத்தால் தேய்த்து அகட்டுங்கள், இல்லாவிட்டால் பத்துத் தடவை நுழைப்பதற்குள் துணி அங்கேயே அறுந்துவிடும்.

சரிவுதான் சிக்கல். ரெயில் ஆறரை அடி உயரத்தில் இருந்தால், தண்ணீர் வழிய வேண்டிய ஒன்றரை அடிச் சரிவைக் கொடுத்ததும் முன்விளிம்பு ஐந்து அடிக்கு இறங்கித் தலையில் இடிக்கும். முன்பக்கத்தை உயர்த்தினால் தண்ணீர் கதவுக்கு வரும். இரண்டு மூலைகளையும் ஒரே உயரத்தில் வைக்காதீர்கள். ஆட்கள் நடக்கும் மூலையைக் கம்பத்தால் ஆறே கால் அடியில் நிறுத்தி, மறுமூலையை நாலரை அடிக்கு இறக்குங்கள். தண்ணீர் எல்லாம் தாழ்ந்த மூலைக்கே ஓடும், கீழே ஒரு வாளி வைத்தால் பாத்திரம் கழுவவும் ஆகும். துணி தொய்ந்து ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதுவே ஐம்பது கிலோ. இரவு மழையில் கம்பம் மடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு இழுகயிறு, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், தரைக்கு 45 டிகிரியில். ஒன்டாரியோவின் அல்கொன்குவின் பூங்கா போன்ற இடங்களில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. முளை இறங்காத இடத்தில் பெரிய கல்லையோ, தண்ணீர் நிரப்பிய இருபது லிட்டர் கேனையோ கட்டுங்கள். கயிற்றுக்கும் துணிமூலைக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் கயிறு ஒன்றைக் கோத்து வையுங்கள். பலத்த காற்று அடித்தால் முதலில் அறுவது அதுவாக இருக்கட்டும், ரெயிலாக இருக்க வேண்டாம். ஆனாலும் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று வீசும் என்று முன்னறிவிப்பு சொன்னால் துணியைக் கழற்றிவிடுவதே நல்லது.

நுளம்புக்கு, ஆனிங்கின் மூன்று பக்கமும் வலை தொங்கவிட்டு அறையாக்க நினைப்பீர்கள். வண்டியின் அடிவயிறு திறந்து கிடக்கும்வரை அதில் பயனில்லை, நுளம்பு சக்கரத்துக்கு நடுவால் வந்துவிடும். அடிவிளிம்பிலிருந்து தரைவரை துணிப் பாவாடை கட்டினால்தான் அடைபடும். இருவர் உள்ளே ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி ஸ்பிரிங்கில் ஆடும், அதோடு இறுகக் கட்டிய சுவர்களின் தையலும் விடும். இதைவிட, விரித்தால் தானே நிற்கும் பத்து, பதினொரு அடி வலைக் கூடாரத்தை வண்டியிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தி, அந்த இடைவெளிக்கு மேல் ஆனிங் துணியை விரிப்பது சுலபம். மே, ஜூனில் வரும் கறுப்பு ஈக்களைச் சாதாரண நுளம்பு வலையே தடுக்கும். கண்ணுக்குத் தெரியாத பொடி ஈக்களுக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும், ஆனால் அதில் காற்றும் குறையும்.

வலைக்குள் அடுப்பு வேண்டாம். மழைத் திரையை இறக்கிவிட்டுப் புரொப்பேன் அடுப்பைப் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். ஃபர்னஸ் புகைவாயோ ஃபிரிட்ஜின் காற்றுத் துளையோ கதவுப் பக்கத்தில் இருந்தால், துணியும் கூடாரமும் அதை மறைக்காமல் நிறுத்துங்கள்.

ஓட்டிப் போகும்போது துணியை ரெயிலில் சுருட்டிக் கட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம். நெடுஞ்சாலைக் காற்றில் அது படபடத்து ஜெல்கோட்டைத் தேய்த்துவிடும். ஈரமாகக் கழற்ற நேர்ந்தால் மூடியுள்ள வாளியில் போட்டு, வீடு சேர்ந்த அன்றே விரித்துக் காயவிடுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு உள்ளே ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் காகிதக் கைக்குட்டையால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அந்த ரிவெட்டை மட்டும் துளைத்தெடுத்து, புது பியூட்டைலோடு மறுபடி அடித்தால் போதும்.