சாவைப் படிக்க ஒரு படிப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். இனப்படுகொலை பற்றி வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஆசை. அப்பாவோ, "சாவைப் படிக்க ஒரு படிப்பா, பேசாமல் பி.எட். சேர்" என்கிறார். அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முனைவர் பட்டப் படிப்பு இருக்கிறது, ஆம்ஸ்டர்டாமிலும் ஸ்வீடனின் உப்சாலாவிலும் முதுகலை உண்டு. கோபத்தோடு போகிறவர்கள்தான் நிறைய, ஆனால் அங்கே உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் காகிதமும் சட்டமும் மொழியும்தான். கம்போடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-லிருந்து 1979 வரை போல் பாட் ஆட்சியில் பட்டினி, நோய், ஓயாத வேலை, கொலை என்று சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். ஆனால் 2018-ல் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் போல் பாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியா மீது இனப்படுகொலைக் குற்றம் உறுதி என்றபோது, அது வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் அழித்ததற்கு மட்டும்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர் மக்கள், அவர்களைக் கொன்றது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற கணக்கில் போனது. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை தேசிய, இன, நிற, மதக் குழுக்களை அழிக்கும் நோக்கத்தை மட்டுமே பிடிக்கிறது. அரசியல் எதிரிகளையும் சேர்க்கலாம் என்ற பேச்சு வரைவில் இருந்தது, பேரத்தில் விழுந்துவிட்டது. அதைச் சோவியத் மட்டும்தான் தடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள், வேறு பல நாடுகளுக்கும் அதில் பயம் இருந்தது. உங்கள் முதல் செமஸ்டர் இந்தச் சண்டையிலேயே போய்விடும்.

கேள்வி: எல்லாம் நடந்து முடிந்த பிறகு படிக்க என்ன இருக்கிறது? (வாசகர், ஈரோடு)

பதில்: என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் ஆரம்பம். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவில் 8,000 முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும், அதற்கு மேலும் இருக்கலாம், பொஸ்னிய செர்பியப் படை கொன்று குழிகளில் தள்ளியது. சில மாதங்களில், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், அதே குழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டி, லாரியில் அள்ளிக்கொண்டு போய் வேறு குழிகளில் கொட்டினார்கள். அதனால் ஒரே ஆளின் எலும்புகள் பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி, இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. உறவினர்களின் ரத்தத்தை வாங்கி டி.என்.ஏ. ஒப்பிட்டுத்தான் பெரும்பாலானோரை அடையாளம் கண்டார்கள். அப்புறம் மகனை இழந்த தாயிடம் ஒரு கேள்வி வரும்: இவ்வளவுதான் கிடைத்திருக்கிறது, இதை வைத்து அடக்கம் செய்கிறீர்களா, இல்லை மீதி கிடைக்கும் வரை காத்திருக்கிறீர்களா? ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிசாவுக்குப் பக்கத்தில் பொட்டோச்சாரி நினைவிடத்தில் அடக்கம் நடக்கிறது, ஏற்கெனவே மூடிய கல்லறையைத் திறந்து பிறகு கிடைத்த எலும்பைச் சேர்ப்பதும் உண்டு. இதை ஆய்வு செய்கிறவருக்குத் தடயவியலும் தெரிய வேண்டும், அந்தத் தாய் ஏன் காத்திருக்கிறாள் என்பதும் புரிய வேண்டும்.

ருவாண்டாவில் வேறு மாதிரி. 1994-ல் ஹூட்டு தீவிரவாதிகள் நூறு நாளில் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்த கொலைகளுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைந்து கிடந்தார்கள், வழக்கமான கோர்ட்டை நம்பினால் அவர்கள் ஆயுளுக்குள் முடியாது. கச்சாச்சா என்று ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி சுமார் 12,000 மன்றங்கள் போட்டு, ஊர்க்காரர்களையே நீதிபதிகளாகத் தேர்ந்தெடுத்து, 2012-ல் மூடும்போது ஏறக்குறைய 20 லட்சம் வழக்குகளை முடித்திருந்தார்கள். வக்கீல் கிடையாது. டுட்சிகள் தலைமையில் போரில் ஜெயித்த படை செய்த கொலைகளை அங்கே எடுக்கவும் முடியாது. இதை நீதி என்பதா, ஊர் மறுபடி சேர்ந்து வாழச் செய்த ஏற்பாடு என்பதா? நான் இரண்டாவது பக்கம். சண்டைக்கு வர ஆள் இருக்கிறது, வரட்டும்.

கேள்வி: இந்தத் துறையில் நம்மவர் யாராவது உண்டா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இந்தக் கேள்வி வரவில்லையென்றால்தான் ஆச்சரியம்! நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி, பஸ் டிரைவரின் மகள். ருவாண்டாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தில் தாபா என்ற ஊரின் மேயர் அகயேசு மீதான வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்று ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே, தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொன்னார். நீதிபதிகள் விடாமல் கேட்டார்கள், 1997-ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது, 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்றது. சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என்றதும் அதுவே முதல் முறை. தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விண்ணப்பம் போடுமுன் அதை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: நான் ஈழத்தமிழன். முள்ளிவாய்க்காலை ஆய்வு செய்ய நினைக்கிறேன். பாதிக்கப்பட்ட இனத்தவன் செய்தால் நடுநிலை இருக்காது என்கிறார்கள். (வாசகர், டொராண்டோ)

பதில்: முதலில் சொன்ன 1948 இனப்படுகொலை உடன்படிக்கைக்காக அலைந்த ராபேல் லெம்கின், போலந்து யூதர், தன் உறவினர்களையே நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஆகவே அந்தப் பேச்சைத் தள்ளுங்கள். ஆனால் இன்னொருவரையும் பாருங்கள். 1915-ல் ஒட்டோமான் துருக்கியப் பேரரசில் நடந்த ஆர்மீனியர் அழிப்பைப் பற்றி அந்த அரசின் ஆவணங்களைத் தோண்டி எழுதிய தானர் அக்சாம் ஒரு துருக்கியர். துருக்கி 1928-ல் எழுத்தையே மாற்றிவிட்டதால், 1915-ன் காகிதங்களை இன்றைய துருக்கியரே தனியாகப் படித்துப் பழகித்தான் வாசிக்க முடியும். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், சிங்களம் படியுங்கள். நம் பக்கத்துச் சாட்சியம் உங்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும். நோக்கத்தை நிரூபிக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துப் பேச்சும் எழுத்தும் தேவை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது, அந்த நோக்கத்தைப் பற்றி எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

கேள்வி: மனசு கெடாதா? வேலை கிடைக்குமா? (வாசகி, கோவை)

பதில்: கெடும். சாட்சியங்களை ராத்திரியில் கேட்காதீர்கள், நாள் முழுக்கவும் கேட்காதீர்கள், பேச ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவுதான்: ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தீர்ப்பாயம், அகதிகள் சார்ந்த அமைப்புகள், கற்பித்தல். சட்டமோ வரலாறோ மானுடவியலோ ஒன்றில் வேர் ஊன்றிவிட்டு இதற்கு வாருங்கள், ஒரு மொழியையாவது கூடுதலாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். உதவித்தொகையோடு முனைவர் பட்ட இடம் கிடைத்தால் போகலாம், கடன் வாங்கி முதுகலைக்குப் போகாதீர்கள்.