தடக் தடக்குக்கு அரை மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். அரையாண்டு விடைத்தாள் கட்டு முன்னால் கிடக்கிறது. கொஞ்சம் சிரித்துக்கொண்டால்தான் கட்டு நகரும். 'தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள்?' என்ற கேள்விக்கு ஒரு பையன், 'ரயில் தடக் தடக்னு சத்தம் போட' என்று எழுதியிருக்கிறான். சிரிக்க வைத்ததற்காக அரை மதிப்பெண் போட்டேன். படமெடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பினேன், எல்லோரும் ரசித்தார்கள். என் கேள்வி வேறு. அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன். அது கொடுமை என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சார்,

அலகுக்குக் குறையுங்கள். வெறும் 9.8 என்றால் எதை அளந்தான் என்றே தெரியாது. அது அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படத்தை நீங்கள் அனுப்பியிருக்கவே கூடாது. உங்களை நம்பிக் கொடுத்த தாள் அது. பத்துப் பேர் பார்த்துச் சிரிக்க அவன் எழுதவில்லை. இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில் லைன் ஓரம். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ராத்திரி ரயிலை நிறுத்திவைத்துத் தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் செய்து பற்றவைத்தார்கள். இரண்டு முனைகளுக்கும் அச்சு கட்டி, மேலே உலோகம் உருக்குகிற மூசையை வைத்து, அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த மருந்தைக் கொளுத்தினார்கள். ஜல்லி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற வெளிச்சம். உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கியது. புடைத்து நின்றதை வெட்டித் தேய்த்தார்கள். காலையில் போய் விரலால் தடவிப் பார்த்தேன். நகத்துக்குக்கூட இணைப்பு தட்டுப்படவில்லை.

அந்த வருஷம் பரீட்சையில் உங்கள் கேள்விதான் வந்தது. 'இப்போது இடைவெளி விடுவதில்லை, பற்றவைத்துவிடுகிறார்கள்' என்று எழுதினேன். முட்டை. வகுப்பில் சத்தமாகப் படித்தும் காட்டினார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள்.

13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர் நீளும். பழைய பாதையில் அதற்குத்தான் இடைவெளி. பற்றவைத்த பாதையில் கான்கிரீட் ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து அதை நீள விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத இரும்பு அதைத் தகைவாக, அதாவது அழுத்தமாக, உள்ளேயே தாங்குகிறது. 'எங்கேடா பார்த்தே?' என்று என் ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவையும் அன்றைக்கே வகுப்பில் பேசியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை சார்.

உங்கள் பையன் செய்த தப்பு என்ன? சத்தத்துக்காக இடைவெளி இல்லை, இடைவெளியால் சத்தம். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டான். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் காதாலேயே பிடித்திருக்கிறான். அரை மதிப்பெண் அதற்குப் போடுங்கள், உங்களைச் சிரிக்க வைத்ததற்கு அல்ல. ஓரத்தில் அதை ஒரு வரியாக எழுதியும் கொடுங்கள். சிவப்பு மையில் வெறும் ½ மட்டும் பார்த்தால் அவனுக்கு என்ன புரியும்?

அப்புறம், மெயின் லைனில் இப்போது அந்தச் சத்தம் குறைந்துபோய்விட்டது. யார்டில், லைன் பிரிகிற இடத்தில் இன்னும் கேட்கும். அவன் எங்கே கேட்டானாம்? வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.