பயாப்ஸி பாட்டில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் கெட்டுப்போகுமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. வலது மார்பில் கட்டி. சனிக்கிழமை மாலை எங்கள் ஊர் மருத்துவமனையில் ஊசி மூலம் சதை எடுத்து, சிறு பாட்டிலில் போட்டு, மதுரையில் உள்ள லேபில் கொடுக்கச் சொன்னார்கள். ஞாயிறு லேப் விடுமுறை. ஃப்ரிட்ஜில் வைக்காமல் அலமாரியிலேயே வைத்திருந்து, திங்கள் காலை கொடுத்தேன். சாம்பிள் கெட்டிருக்குமா? மறுபடி ஊசி குத்த வேண்டுமா?

பதில்: பாட்டிலில் இருந்தது ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) என்றால் கவலை வேண்டாம். ஃப்ரிட்ஜும் தேவையில்லை, அலமாரியில் வைத்தது சரிதான். லேபுக்குப் போன் செய்து, என்ன திரவத்தில் வந்தது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

உடலைவிட்டு வெளியே வந்த சதை, தன் நொதிகளாலேயே சிதையத் தொடங்கிவிடும். ஃபார்மலின் செல்களில் உள்ள புரதங்களைப் பிணைத்து அதை நிறுத்துகிறது. மார்புக் கட்டியின் சதை அதில் குறைந்தது 6 மணி நேரமாவது ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. பாட்டிலில் இருந்தது வெறும் சலைன் (உப்பு நீர்) என்றால் கதை வேறு. இத்தனை நேரத்தில் செல்கள் சிதைந்திருக்கும், மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

வீட்டாரிடம் பாட்டிலைக் கொடுத்தனுப்புவது நம் பக்கம் சகஜம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன திரவம், எப்போதுக்குள் சேர்க்க வேண்டும் என்று சொல்லாமல் அனுப்புவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, கூட வரும் படிவத்தைப் பாதி நிரப்பி அனுப்புவது. சதையை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவரான பெத்தாலஜிஸ்ட், உங்கள் அம்மாவைப் பார்க்கப்போவதில்லை. வயது, எந்தப் பக்கத்து மார்பு, மேமோகிராமில் என்ன தெரிந்தது, முன்பு சிகிச்சை நடந்ததா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் அவருக்குக் கிடைக்கும். சதை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் அதில் இருக்க வேண்டும். ஒருவேளை புற்றுநோய் என்று வந்தால், என்ன மருந்து கொடுப்பது என்பதை ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) ஆகியவை புற்றுச் செல்களில் உள்ளனவா என்று பார்க்கும் பரிசோதனைகளை வைத்துத்தான் முடிவு செய்வோம். ஊறிய நேரம் மிகக் குறைந்தாலோ மிகவும் கூடினாலோ அந்த முடிவுகள் பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். எனவே படிவத்தில் நேரம் விடுபட்டிருந்தால் இன்றே லேபுக்குச் சொல்லுங்கள். அப்படியே, அம்மாவின் பெயர் மூடியில் மட்டுமில்லாமல் பாட்டிலின் மேலும் எழுதியிருந்ததா என்று கேளுங்கள். லேபில் மூடியைக் கழற்றி வைத்தபின் மூடியில் இருக்கும் பெயரால் பயனில்லை.

ரிப்போர்ட்டுக்குச் சில நாள் ஆகும். சதையை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் பார்க்க முடியும். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னும் தாமதமாகும். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

அப்புறம், பெரிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ரிப்போர்ட்டோடு மெழுகு ப்ளாக்கையும் (சதை பதித்த மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளையும் (சீவிய சதை ஒட்டிய கண்ணாடித் துண்டுகள்) லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி பார்ப்பதற்குப் பெரும்பாலும் அவையே போதும்.