நாணயக் கூட்டத்தில் ஒரே இளைஞராக இருக்கும் தம்பிக்கு

தம்பி, மதுரையில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்தில் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒரு காசைக்கூடக் கையில் தருவதில்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலகாதீர்கள்.

அவர்கள் தயங்குவது உங்கள் இருபது வயதைப் பார்த்து மட்டுமல்ல. விரல் வியர்வை பட்டால் செம்புக் காசில் கறை விழும். புளி போட்டுத் தேய்த்தால் மதிப்பே போய்விடும். அப்படிப் பாழான காசுகளைப் பார்த்து நொந்தவர்கள் அவர்கள். அடுத்த முறை மேசைமேல் மென்துணி விரித்து, விளிம்பை மட்டும் பிடித்துப் பாருங்கள், நிச்சயம் கவனிப்பார்கள்.

எடுத்தவுடன் பாண்டியர் கயல் காசைக் கேட்க வேண்டாம். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவைப் பற்றிக் கேளுங்கள். 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்த பிறகும், ரூபாய்க்குப் பதினாறு என்றிருந்த அணாக் காசுகள் சில காலம் சேர்ந்தே புழங்கின. கடைக்காரர் எப்படிக் கணக்குப் பார்த்தார், மிச்சம் எப்படித் தந்தார் என்பதெல்லாம் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களின் சிறுவயது நினைவு. காசைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்களாலும் உதவ முடியும். 1911 ஜார்ஜ் மன்னர் ரூபாயில், அங்கியிலுள்ள யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, 1912இல் உருவம் திருத்தப்பட்டது. அந்த நுணுக்கத்தைப் பார்க்கக் கண் மங்கியவர்களுக்குச் செல்பேசியில் பெரிதாக்கிக் காட்டுங்கள். படமெடுத்து, எடை குறித்துத் தர முன்வாருங்கள். அவர்கள் அனுமதியில்லாமல் அந்தப் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். திருட்டுப் பயம் அவர்களுக்கு உண்டு.