சூடோ வழியாகப் போனால் வேரியபிள் காலியாகிறது: கடலூர் கடை பில்லிங் பேக்கேஜ்

கடையின் பில்லிங் பேக்கேஜை ஏபிடி வழியாகப் போட்டால் மட்டும் ஃபோல்டர் தப்பான இடத்தில் வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த டேட்டா ஃபோல்டர் வேரியபிள் (ஃபோல்டரின் இடத்தைச் சொல்லும் மதிப்பு), போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டுக்கு, அதாவது பேக்கேஜ் நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு, போய்ச் சேரவே இல்லை. உபுண்டுவில் சூடோ (கமாண்டை அட்மின் அதிகாரத்தோடு ஓட்டுவது), உங்கள் ஷெல்லில் (நீங்கள் கமாண்ட் அடிக்கும் இடம்) இருக்கும் பெரும்பாலான வேரியபிள்களை வழியிலேயே கழற்றிவிடும். கையால் ஓட்டினால் சரியாக வருவதும், ஏபிடி (உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவும் கருவி) வழியாகப் போட்டால் வேரியபிள் காலியாகி, ரூட் ஃபோல்டருக்கு (எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருப்பது) நேர் கீழே பில்லிங் ஃபோல்டர் முளைப்பதும் இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் டெர்மினலில் 'என்வ்' (வேரியபிள்களைப் பட்டியலிடும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள், பிறகு 'சூடோ என்வ்'. இரண்டாவதில் உங்கள் வேரியபிள் இருக்காது.

உங்கள் வேரியபிள்களை அப்படியே கடத்தச் சொல்ல, சூடோவுக்கு மைனஸ் கேப்பிடல் ஈ கொடுத்துச் சமாளிக்காதீர்கள். புதுச்சேரி கிளையில் ராத்திரி தானாக அப்டேட் ஓடும்போது உங்கள் ஷெல்லே அங்கே கிடையாது.

1. மதிப்பை ஈடிசி டிஃபால்ட் ஃபோல்டரில் (அமைப்பு ஃபைல்கள் இருக்கும் இடம்) ஒரு ஃபைலில் வையுங்கள். ஸ்கிரிப்ட் அதைப் படிக்கட்டும்.

2. வேரியபிளைப் பயன்படுத்தும் முதல் இடத்தில், நெளி அடைப்புக்குள் பெயரை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடுங்கள். காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். 'செட் மைனஸ் யு' (இல்லாத வேரியபிளைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்டை நிறுத்துவது) மட்டும் போதாது. வேரியபிள் இருந்து மதிப்பு காலியாக இருந்தால் அது கண்டுகொள்ளாது.

போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்டை (பேக்கேஜை நீக்கும்போது ஓடுவது) இன்றைக்கே திறந்து பாருங்கள். அங்கே ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் (கேட்காமல் மொத்தமாக அழிக்கும் கமாண்ட்), வேரியபிள், சாய்கோடு, நட்சத்திரம் என்று எழுதியிருந்தால், காலி மதிப்பில் அது ரூட் ஃபோல்டரிலிருந்தே அழிக்கத் தொடங்கும். கடையின் பில் கணக்கு மொத்தமும் போய்விடும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்த ஈடிசி ஃபைலை ஸ்கிரிப்ட் ரூட் யூசரின் (அட்மின்) அதிகாரத்தோடு ஓட்டுகிறது. ரூட் யூசர் தவிர யாரும் அதில் எழுத முடியக் கூடாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அதில் வைக்காதீர்கள்.