சர்ச்சுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்தின் கிராமங்களிலிருந்து. கேர் ஹோம் வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று கிளம்பி, லண்டன் எந்தப் பக்கம் என்று கேட்கும் தூரத்தில் குடியேறியவர்கள். நானும் அப்படி ஓர் ஊரில் பல வருடமாக இருக்கிறேன் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் பில்லில் கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ‘பாரிஷ்’ என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். சர்ச்சுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா? – வாசகர், சஃபோக்

ப: எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்! முதல் வருடம் நானும் இதையே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன், அவர் இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெயரில்தான் குழப்பம். ஒரு காலத்தில் ஊர்க் காரியம் எல்லாவற்றையும் சர்ச்சில் கூடிய சபைதான் பார்த்தது. 1894-ல் வந்த சட்டம் அந்த ஊர்க் காரியங்களைப் பிரித்து, தேர்தலில் வரும் பாரிஷ் கவுன்சிலிடம் கொடுத்தது. பாரிஷ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சர்ச் நிர்வாகத்துக்கு வேறு கமிட்டி இருக்கிறது, அதற்கும் உங்கள் பில்லுக்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: சர்ச் கட்டடத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில் இனி யாரையும் புதைப்பதில்லை என்று முறைப்படி மூடிவிட்டால், அதைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஊர்களில் பாரிஷ் கவுன்சிலுக்கு வந்துவிடும். அங்கே புல் வெட்டுகிற கூலியில் உங்கள் காசும் கொஞ்சம் இருக்கலாம்.

மற்றபடி அந்தப் பணம் எங்கே போகிறது? குழந்தைகளின் ஊஞ்சல், பஸ் நிழற்குடை, பெஞ்சு, நாய்க் கழிவுத் தொட்டி, சில ஊர்களில் தெருவிளக்கு, அப்புறம் கவுன்சிலின் அலுவலக வேலையைப் பார்க்கும் கிளார்க்கின் சம்பளம். கவுன்சிலர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பென்னிகூடக் கிடையாது. கணக்கும் சுலபம். வருடத்துக்கு 24,000 பவுண்டு வேண்டும், ஊரில் வரிக் கணக்குக்கு நடுத்தர அளவாக வைக்கும் ‘பேண்ட் டி’ அளவில் 400 வீடு என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு 60 பவுண்டு, மாதம் 5 பவுண்டு. சந்தேகம் இருந்தால் கணக்குப் புத்தகத்தையே கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கோடையிலும் 30 வேலைநாட்கள் அதைத் திறந்து வைத்தே ஆக வேண்டும், ஜூலையின் முதல் பத்து வேலைநாட்கள் கண்டிப்பாக அதற்குள் வரும். நான் ஒரு வருடம் போய்ப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் வரவில்லை. கிளார்க் டீ போட்டுக் கொடுத்து, புல்வெட்டும் பில்லை எடுத்துக் காட்டி, இது ஏன் இவ்வளவு ஆனது என்று என்னிடமே அரை மணி நேரம் புலம்பினார்.

கே: வீட்டு வாசலில் பெரிய குழி, கார் டயர் போய்விட்டது. பாரிஷ் கவுன்சிலில் கேட்டால் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். டிஸ்ட்ரிக்டில் கேட்டால் அவர்களும் அதையே சொல்கிறார்கள். யாரைத்தான் பிடிப்பது? – வாசகர், நார்ஃபோக்

ப: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், யாரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். உங்கள் பக்கம் சாலை கவுன்ட்டி கவுன்சிலின் பொறுப்பு, குப்பை டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு. பெரிய நெடுஞ்சாலை என்றால் அது நேஷனல் ஹைவேஸ். கார்ன்வால், வில்ட்ஷர், ஷ்ராப்ஷர் மாதிரி இடங்களில் 2009-லேயே கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் இரண்டையும் ஒரே கவுன்சிலாக்கிவிட்டார்கள், அங்கே இந்த அலைச்சல் இல்லை.

டயர் விஷயத்துக்கு வருவோம். 1980 ஹைவேஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சாலையைப் பராமரிப்பது சாலைக்குப் பொறுப்பான கவுன்சிலின் கடமை என்கிறது. உடனே சந்தோஷப்பட வேண்டாம். 58-ஆவது பிரிவு அவர்களுக்குத் தப்பிக்க வழியும் தருகிறது: ஒழுங்காக இடைவெளி விட்டுப் பரிசோதித்துக்கொண்டுதான் இருந்தோம், இந்தக் குழி எங்களுக்குத் தெரியாது என்று காட்டிவிட்டால் நஷ்ட ஈடு கிடைக்காது. ஆகவே உங்களுக்கு முன்னால் யாராவது அதே குழியைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். அந்தப் பதிவையும் கடைசியாகப் பரிசோதித்த தேதியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். ‘ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்’ தளத்தில் பழைய புகார் கிடக்கிறதா என்றும் பாருங்கள், 2007-லிருந்து ஓடுகிற தளம் அது.

எங்கள் தபால் பெட்டிக்கு எதிரே இருந்த குழிக்கு நான் மூன்று முறை எழுதி ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது முறை மகனின் பள்ளி ஸ்கேலைக் குழிக்குள் நிறுத்தி, தண்ணீர் வடிந்த பிறகு போட்டோ எடுத்து அனுப்பினேன். பல கவுன்ட்டிகளில் 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் குழி என்று கணக்கு, நம்முடையது 70. ரொம்ப மோசம், அபாயம் என்றெல்லாம் முன்பு எழுதியதற்கு அசையாதவர்கள், எண்ணைப் பார்த்ததும் வந்தார்கள். அதனால் அடுத்த புகாரையாவது அளந்துவிட்டுக் கொடுங்கள். குழி தெரிந்தால், அது உங்கள் டயரைக் கடிக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே எழுதுங்கள், அடுத்தவர் டயருக்காவது உதவும்.

கே: கேர் வொர்க்கர் விசாவில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். நோட்டீஸ் போர்டில் ‘கவுன்சிலர் பதவி காலி’ என்று ஒட்டியிருந்தார்கள். விசாரித்தேன், கிளார்க் அம்மா நீயே வாயேன் என்கிறார். வெளிநாட்டுக்காரி நான், போகலாமா? விசாவுக்கு ஆபத்து வருமா? – வாசகி, நார்ஃபோக்

ப: ஓட்டுப் போடலாம், கவுன்சிலர் ஆக முடியாது, இப்போதைக்கு.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டு ஓட்டுப் போடலாம், உங்கள் விசாவே போதும். 2023 மே மாதத்திலிருந்து வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள், அதற்கு உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் கவுன்சிலராக நிற்பதற்கு ஐ.எல்.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை வேண்டும். கிளார்க் உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் கூப்பிட்டிருப்பார், விசாவைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். சொன்னால் புரிந்துகொள்வார்.

ஐ.எல்.ஆர். வந்த பிறகு தாராளமாகப் போங்கள். அந்த பாரிஷின் வாக்காளராக இருந்தால் போதும். அங்கே, அல்லது அதிலிருந்து மூன்று மைலுக்குள், பன்னிரண்டு மாதம் வசித்திருந்தாலும் சரி. காலியிடம் அறிவித்ததும் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் வைக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் இருக்கிற கவுன்சிலர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்தால் 28 நாளுக்குள் உங்கள் வேலை, வீடு, நிலம் பற்றிய விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதை மறைப்பது குற்றம்.

அதுவரை பார்வையாளராகப் போய் உட்காருங்கள், யாரும் தடுக்க முடியாது. கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். 2021-ல் வைரலான ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் வீடியோவில், கூட்டத்துக்கு உதவ வந்த ஜாக்கி வீவர் தலைவரையே ஜூமிலிருந்து வெளியேற்றினாரே, அப்படியெல்லாம் தினமும் நடப்பதில்லை. எங்கள் ஊரில் ஹாலில் குளிரும், கோட்டைக் கழற்றவே முடியாது. நாய்க் கழிவுத் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று இருபத்தைந்து நிமிடம் பேசுவார்கள். கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்குப் பெரும்பாலும் சில நிமிடம் ஒதுக்கி வைப்பார்கள். அதில்தான் நான் முதல்முறையாக இந்த ஊரில் வாயைத் திறந்தேன், மறுநாளிலிருந்து கடைத்தெருவில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கே: அம்மா ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம், ஊரில் பஸ்ஸே இல்லை. வயதானவர்களுக்கு இலவச பாஸ் உண்டாமே? – வாசகி, லிங்கன்ஷயர்

ப: பாஸ் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், விசிட்டர் விசாவில் வந்த அம்மாவுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் கவுன்ட்டியில் ‘கால்கனெக்ட்’ என்று முன்பதிவு பஸ் ஒன்று 2001-லிருந்து ஓடுகிறது. போன் செய்து எங்கிருந்து எங்கே என்று சொன்னால், அந்தப் பக்கம் வருகிற சின்ன பஸ் ஏற்றிக்கொள்ளும். அம்மாவுக்கு ஆங்கிலம் கஷ்டம் என்றால் நீங்களே முந்தின நாள் பதிவு செய்துவிட்டு, திரும்பும் நேரத்தைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் உங்கள் ஊரில் தன்னார்வலர் கார் ஏற்பாடு இருக்கிறதா என்று நோட்டீஸ் போர்டில் பாருங்கள். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் காரில் கூட்டிப் போவார்கள், மைல் கணக்கில் பெட்ரோல் காசு கொடுத்தால் போதும்.

கே: சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் போன் இல்லை, ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. அது என்ன? – வாசகர், டெவன்

ப: இதயம் நின்றவருக்கு அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர். 2008-லிருந்து பி.டி. எனும் தொலைபேசி நிறுவனம் பழைய கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு ஊர்களுக்குக் கொடுத்துவருகிறது. சில இடங்களில் உள்ளே புத்தக அலமாரி, சில இடங்களில் இந்தப் பெட்டி. பூட்டியிருந்தால் அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள், திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். பயிற்சி தேவையில்லை, மெஷினே பேசும், தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது. பயன்படுத்திய பிறகு கிளார்க்குக்குச் சொல்ல மறக்காதீர்கள், அந்த ஒட்டும் பேடுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

கே: கீரை போட ஒரு துண்டு நிலம் கிடைக்குமா? எங்கள் ஊரில் அலாட்மென்ட் (தோட்டம் போட வாடகைக்கு விடும் நிலத் துண்டு) இல்லை. – வாசகி, ஹெரஃபர்ட்ஷர்

ப: 1908-ல் வந்த அலாட்மென்ட் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. வாக்காளரோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவரோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், பாரிஷ் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். முழுப் பிளாட் என்பது சுமார் 250 சதுர மீட்டர், முதல் வருடத்துக்குப் பாதியே கேளுங்கள், களை எடுத்தே இடுப்பு ஒடியும். வெந்தயம், கொத்தமல்லி, பூசணி எல்லாம் வரும். தண்டுக்கீரையை மே கடைசிப் பனி போன பிறகு விதைக்கலாம். வெண்டைக்காயைத் திறந்தவெளியில் போட்டு நான் இரண்டு வருடம் ஏமாந்தேன், மொத்தம் கிடைத்தது ஒன்பது காய், மீதியை நத்தை தின்றது. மெயில் போடும்போது ஆறு பேரின் விலாசத்தையும் சேர்த்தே போடுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்டு ஒரு மாதம் கழித்து பதில் வரும்.